பி.பி. மெஷின், செல்போன், மலைக்குளிர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இதயநலத்தை வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்ள உதவும் கருவிகளையும் செல்போன் செயலிகளையும் பற்றி நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் 138/86. வீட்டு மெஷினில் காலையில் 158/96 வரைக்கும் போகிறது. மார்கழி பிறந்ததிலிருந்து இப்படித்தான். மெஷின் கெட்டுவிட்டதா, எனக்கு பி.பி. ஏறிவிட்டதா?
— வாசகி, குன்னூர்

பெரும்பாலானவர்களுக்கு டாக்டர் முன்னால் கூடுதலாகவும் வீட்டில் குறைவாகவும்தான் இருக்கும். உங்களுக்குத் தலைகீழாக இருப்பதால் முதலில் அளக்கும் முறையைப் பார்ப்போம். மாத்திரையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

முதல் சந்தேகம் உங்கள் ஸ்வெட்டர் மேல். மலையில் குளிர்காலத்தில் யாரும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை, கையை மேலே சுருட்டிக்கொண்டு பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். சுருட்டிய கம்பளி மேல்கையை வளையம் போட்டு இறுக்குகிறது, அதனால் அளவு தப்பாகிறது. ஸ்வெட்டருக்கு மேலேயே பட்டையைச் சுற்றினாலும் தப்புதான். ஒரு கையை ஸ்வெட்டரிலிருந்து முழுதாக வெளியே எடுத்துவிட்டு, தோளில் சால்வை போர்த்திக்கொள்ளுங்கள். பட்டை வெறும் தோலில் இருக்க வேண்டும். அதன் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கட்டும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும்.

அடுத்தது குளிர். உடம்பு குளிர்ந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பி.பி. ஏறும். கோடையைவிடப் பனிக்காலத்தில் கூடுதலாகக் காட்டுவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். கம்பளியை உதறி எழுந்த கையோடு சில்லென்ற தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து அளந்தால் அந்தக் குளிரையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள். மெஷினுக்கும் குளிர் ஆகாது. வீட்டு மெஷின்களின் கையேட்டைப் புரட்டினால் பொதுவாக 10 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருப்பார்கள். ஜனவரி விடியற்காலையில் நம் ஜன்னலோர அலமாரி அந்தப் 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். பேட்டரி சோர்ந்து, காற்று ஏறும்போதே மெஷின் திணறும், பிழை காட்டும். மெஷினைப் படுக்கும் அறைக்குள் துணி சுற்றி வையுங்கள். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு அறைச் சூட்டுக்கு வரட்டும்.

மூன்றாவது, பட்டையின் அளவு. தையல்காரர் டேப்பை எடுத்து, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவைப் பாருங்கள். மெஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான். உங்கள் கை 34 செ.மீ. என்றால் பெரிய பட்டையைத் தனியாக வாங்கத்தான் வேண்டும். சின்னப் பட்டை பி.பி.யை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், சிலருக்கு 10, 20 என்றுகூட. தேவையே இல்லாமல் மாத்திரை கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடையில் மெஷின் வாங்கும்போது யாரும் கையை அளந்து பார்ப்பதில்லை என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இனி அளக்கும் முறை. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்து டீ, காபி, பீடி, வெற்றிலை புகையிலை எதுவும் வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு அளக்கக் கூடாது. முதுகு சாயும் நாற்காலியில் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் வேண்டாம். தரை சில்லென்றிருந்தால் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளலாம். கையை மேசையில், நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். மேசை தாழ்வாக இருந்தால் தலையணை கொடுங்கள், ஏனென்றால் கை 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 புள்ளி கூடிவிடும். பேசாதீர்கள், மற்றவர்களும் உங்களிடம் பேசக் கூடாது. 1 நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன், இரவில் படுக்கப் போகும் முன், இப்படி 7 நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்ற 6 நாளின் சராசரியை எடுங்கள். வீட்டுச் சராசரிக்கு எல்லை 135/85. ஆஸ்பத்திரி எல்லையான 140/90-ஐ இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பார்த்துவிட்டு, அதிகம் காட்டும் கையையே எப்போதும் பயன்படுத்துங்கள். சந்தேகம் தீர, மெஷினைச் சுகாதார நிலையத்துக்கு எடுத்துப் போய் அதே கையில் உங்கள் மெஷின், அவர்கள் மெஷின், மறுபடி உங்கள் மெஷின் என்று மாற்றி மாற்றி அளக்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பட்டையோ காற்றுக் குழாயோ சரியில்லை.

ஒன்றை மறக்காமல் யோசித்துப் பாருங்கள்: குளிருக்கு மூட்டுவலி என்று வலி மாத்திரை போடுகிறீர்களா? டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றும், பி.பி. மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான சில ஜலதோஷ மாத்திரைகளும் அப்படித்தான். நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘வலி மாத்திரை போட்டேன்’ என்று எழுதினால் டாக்டருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் சராசரி ஏறியே நின்றால், அது நிஜமான ஏற்றம். பனிக்காலம் போகட்டும் என்று காத்திருக்காமல் நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

கைக்கடிகாரமே பி.பி. காட்டுகிறது, நடையையும் எண்ணுகிறது. பட்டை மெஷின் எதற்கு?
— வாசகர், உதகை

பி.பி.க்குக் கடிகாரத்தை நம்ப வேண்டாம். அது இரத்த ஓட்டத்தை ஒளியால் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. நல்ல வகைக் கடிகாரங்களே மாதத்துக்கு ஒரு தடவை பட்டை மெஷினோடு ஒத்துப்பார்க்கச் சொல்கின்றன, அப்படியென்றால் எப்படியும் ஒரு பட்டை மெஷின் வேண்டும். செல்போன் கேமராவில் விரல் வைத்தால் பி.பி. சொல்லும் செயலிகளை அழித்துவிடுங்கள்.

நாடித் துடிப்புக்கும் நடைக்கும் கடிகாரம் உதவும். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, தோலோடு ஒட்டக் கட்டுங்கள், ஸ்வெட்டர் கை மேல் அல்ல. கொழுந்து பறிப்பவர்கள் கட்டினால் கை அசைவையெல்லாம் அடியாக எண்ணிவிடும். அந்த நேரத்தில் செல்போனை இடுப்புப் பையில் வைத்து, அது எண்ணுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயங்கள் மூலம் செல்போன் செயலி வைத்து இதயத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அங்கிருக்கும் மகள் சொன்னாள். எங்கள் பங்கின் பெண்கள் குழுவில் 14 பேருக்கு பி.பி. இருக்கிறது. நாங்களும் செய்ய முடியுமா? ஆங்கிலச் செயலி எங்களில் யாருக்கும் ஓடாது.
— வாசகி, வெலிங்டன்

முடியும். மகள் சொன்னதும் சரிதான். அதில் எது பலித்தது, ஏன் பலித்தது என்று தெரிந்துகொண்டால் செயலி இல்லாமலேகூடப் பாதி வேலை நடக்கும்.

அமெரிக்காவில் வயது வந்த கறுப்பினத்தவரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது, அதுவும் இளவயதிலேயே. வருமானம், குடியிருப்பு, நல்ல உணவுக் கடை அருகில் இல்லாமை, காப்பீடு இல்லாமை, பாகுபாடு தரும் ஓயாத மன அழுத்தம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. மருத்துவத் துறை மேல் அவர்களுக்கு அவநம்பிக்கையும் உண்டு. டஸ்கிகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை அரசு சுகாதாரத் துறையினர் நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு சிஃபிலிஸ் நோய் இருப்பதைச் சொல்லாமல், மருந்து வந்த பிறகும் கொடுக்காமல், வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட வரலாறு உள்ள மக்களிடம் ‘இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று ஆஸ்பத்திரி சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால்தான் ஆய்வாளர்கள் அந்த மக்கள் நம்பும் இடங்களுக்கே போனார்கள்.

மின்னசோட்டா மாநிலத்தில் மேயோ கிளினிக் நடத்திய ‘ஃபெய்த்’ திட்டம் அப்படி ஒன்று. செயலியைத் தேவாலய மக்களோடு உட்கார்ந்து வடிவமைத்தார்கள். 16 தேவாலயங்கள், 85 பேர், 10 வாரம். சின்னச் சின்னப் பாடங்கள், உணவும் நடையும் பதிவு செய்ய இடம், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஒரு பக்கம். புகை, எடை, உடலுழைப்பு, உணவு, பி.பி., கொலஸ்ட்ரால், சர்க்கரை ஆகிய ஏழுக்கும் சேர்த்து 14 மதிப்பெண். 6 மாதம் கழித்துப் பார்த்தபோது செயலி வைத்திருந்தவர்களுக்கு 1.9 கூடியிருந்தது, செயலி பிறகு கிடைக்கும் என்று காத்திருந்த குழுவுக்கு 0.7. முடிவு 2022-இல் வெளியானது. நல்ல முன்னேற்றம், ஆனால் மலையைப் புரட்டிய கதை அல்ல.

அதைவிடப் பெரிய மாற்றம் செயலியே இல்லாத இன்னொரு முயற்சியில் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கறுப்பினத்தவர் நடத்தும் 52 முடிதிருத்தும் கடைகளில், பி.பி. கட்டுப்படாத 319 ஆண்களைச் சேர்த்தார்கள். பாதிக் கடைகளில் முடிதிருத்துபவர் ‘டாக்டரைப் பாருங்கள்’ என்று அறிவுரை சொன்னார். மற்ற கடைகளுக்கு மருந்தாளுநரே வந்து, அங்கேயே அளந்து, டாக்டரோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி அங்கேயே மருந்து எழுதினார். 6 மாதத்தில் மேல் எண் அறிவுரை கேட்டவர்களுக்கு 9.3 குறைந்தது, மருந்தாளுநர் வந்த கடைகளில் 27 குறைந்தது. 2018-இல் வெளியான இந்த முடிவைத்தான் நீங்கள் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அளந்த எண், மருந்தை மாற்றக்கூடிய ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பி.பி. இறங்கும். செல்போனில் தங்கிவிட்ட எண்ணால் யாருக்கும் பயனில்லை.

உங்கள் 14 பேருக்கு இப்படிச் செய்யலாம். மேல்கைப் பட்டை மெஷின் ஒன்று, அதோடு நடுத்தரப் பட்டை, பெரிய பட்டை இரண்டும் வாங்குங்கள். முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் கையைச் சுற்றளந்து, யாருக்கு எந்தப் பட்டை என்று நோட்டில் எழுதிவிடுங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அளக்கலாம், ஆனால் மேடேறி வந்தவுடன் அல்ல. டீ கொடுப்பதற்கு முன்பு, 5 நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, தனித்தனியாக. வாரம் ஒரு தடவை அளப்பது ஒரு கண்காணிப்பு மட்டுமே. ஏறியிருப்பவரிடம் மெஷினை ஒரு வாரத்துக்கு வீட்டுக்கே கொடுத்தனுப்பி, முன் பதிலில் சொன்ன 7 நாள் கணக்கை எடுக்கச் செய்யுங்கள்.

ஆங்கிலச் செயலி வேண்டியதில்லை. கோடு போட்ட நோட்டில் தேதி, காலை இரண்டு எண், இரவு இரண்டு எண், மாத்திரை போட்டேனா என்று ஆறு கட்டம். வார முடிவில் அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுங்கள். குழுவில் ஒருவரைப் பொறுப்பாக்கி, படத்தை அவருக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பொது வாட்ஸ்அப் குழுவில் யாருடைய எண்ணும் போகக் கூடாது. ‘அவங்களுக்கு 170-ஆம்’ என்று ஊரெல்லாம் பரவினால் அடுத்த வாரம் அவர் அளக்கவே வரமாட்டார். பொதுக் குழுவில் நினைவூட்டலும் சமையல் குறிப்பும் போதும்.

பொறுப்பாளரின் வேலை முக்கியம்: சராசரி 135/85-ஐத் தாண்டியவர்களை அந்த வாரமே சுகாதார நிலையத்துக்கு நோட்டோடு அனுப்புவது, போனாரா என்று கேட்பது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்தத் தன்னார்வலர் அக்காவை உங்கள் கூட்டத்துக்கே அழைத்துவிடுங்கள். நேரில் போக முடியாத வாரத்தில் அரசின் இ-சஞ்சீவனி வழியாக டாக்டரிடம் வீடியோவில் பேசி, நோட்டுப் படத்தைக் காட்டலாம்.

180/120 காட்டினால் பதறாமல் 5 நிமிடம் கழித்து மறுபடி அளக்கவும். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டர். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கண் மங்கல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் இருந்தால் உடனே 108.

உணவுச் செயலியில் நம் சாப்பாடே இல்லை. எவ்வளவு உப்பு சாப்பிடுகிறேன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, கோத்தகிரி

செயலியை விடுங்கள், உப்புப் பாக்கெட்டைக் கணக்கெடுங்கள். 1 கிலோ பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதைச் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், தேதி தானாகப் பதிந்துவிடும். தீர்ந்த நாளில் இன்னொரு படம். நான்கு பேர் உள்ள வீட்டில் 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குள். அப்படிப் பார்த்தால் நான்கு பேருக்கு மாதம் 600 கிராம்தான், ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடை மிக்சர், வர்க்கி இவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் சேராது, அதனால் பாக்கெட் 50 நாளையும் தாண்டினால்தான் நல்லது.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது.

இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் எனக்கு எப்போதும் 93, 94தான். செல்போன் செயலி சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது. மைத்துனருக்குக் கோவையில் 98. எனக்கு இதயத்தில் ஏதும் கோளாறா?
— வாசகர், உதகை

உதகை கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். ஆரோக்கியமாக இருப்பவருக்கே 93 முதல் 96 வரை காட்டுவது இங்கே சகஜம். செயலியின் சிவப்புக் கோடு சமவெளிக்காகப் போட்டது. உடம்பு நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில் தினமும் அளந்து, ‘என் வழக்கமான அளவு இது’ என்று எழுதி வையுங்கள். அதிலிருந்து 4 புள்ளி இறங்கினாலோ, 90-க்குக் கீழே போனாலோ, எண் எதுவாக இருந்தாலும் மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விரல் ஜில்லிட்டிருந்தால் ஆக்சிமீட்டர் தடுமாறும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, கையை அசைக்காமல், எண் ஓரிடத்தில் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் விடுங்கள். நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் தொல்லை தரும்.

நம்மில் பலருக்கும் பொருந்தும் இன்னொரு செய்தி உண்டு. இந்தக் கருவி தோல் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது, தோலின் கருமை நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சும். வெளுத்த தோல் உள்ளவர்களை அதிகம் வைத்துச் சரிபார்த்த கருவிகள் கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகின்றன. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோதே இரத்தப் பரிசோதனையில் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்த நிலை வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். ஆகவே மாநிறமும் கறுப்பும் உள்ள நாம் ‘94 காட்டுகிறதே’ என்று மூச்சுத் திணறலை அலட்சியம் செய்யக் கூடாது.

இதய ஆபத்துக் கணிப்பான் ஒன்றில் ‘வெள்ளையர், கறுப்பினத்தவர், மற்றவர்’ என்று கேட்கிறது. நான் எதை அழுத்துவது?
— வாசகர், அருவங்காடு

நீங்கள் பார்த்தது அமெரிக்கர்கள் 2013-இல் வெளியிட்ட கணிப்பானாக இருக்கும். அது அங்குள்ள வெள்ளையர், கறுப்பினத்தவர் விவரங்களை வைத்துக் கட்டியது. ‘மற்றவர்’ என்று அழுத்தினால் வெள்ளையருக்கான கணக்கையே போட்டுத் தரும். இந்தியர்களுக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருவதால் அந்த விடை உங்களைப் பொய்யாகத் தேற்றக்கூடும். தெற்காசிய வம்சாவளியே ஆபத்தைக் கூட்டும் ஒரு காரணி என்று 2018-ஆம் ஆண்டு அமெரிக்கக் கொலஸ்ட்ரால் வழிகாட்டியே சொல்கிறது. 2023-இல் வந்த ‘பிரிவென்ட்’ என்ற புதிய கணிப்பானில் இனம் பற்றிய கேள்வியையே எடுத்துவிட்டார்கள். நமக்குப் பொருத்தமானது, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெற்காசியாவுக்கென்று தனியாக வெளியிட்ட அட்டவணை. சுகாதார நிலைய டாக்டரிடம் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கணிப்பான்கள் கேட்காத ஓர் அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள்: இடுப்புச் சுற்று. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் நமக்கு அபாய மணிதான். பேண்ட் அளவைச் சொல்லாதீர்கள், நாம் பேண்ட் போடுவது வயிற்றுக்குக் கீழே. மூச்சை விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் ஓட வேண்டும்.

என் அண்ணனுக்குச் சர்க்கரை. எச்.பி.ஏ1சி 6.2 என்று வந்தது, செயலி பச்சை காட்டுகிறது. ஆனால் விரலில் குத்திப் பார்த்தால் வெறும் வயிற்றில் 150-க்கு மேல். எங்கள் குடும்பத்தில் அரிவாள் செல் உள்ளவர்கள் உண்டு. எதை நம்புவது?
— வாசகர், கூடலூர்

விரலில் குத்திப் பார்த்ததை நம்புங்கள், உடனே டாக்டரிடமும் சொல்லுங்கள். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் பற்றி எழுதியது நல்லதாகப் போயிற்று. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர், இருளர், முள்ளுக்குறும்பர் குடும்பங்களில் அது உண்டு.

எச்.பி.ஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற நம்பிக்கையில்தான் அதை மூன்று மாதச் சராசரி என்கிறோம். அரிவாள் செல் நோயில் அணுக்கள் சில வாரத்திலேயே அழிந்துவிடும், சர்க்கரை ஒட்ட நேரமில்லை, எண் பொய்யாகக் குறையும். நோயில்லாமல் ஒரு மரபணு மட்டும் உள்ளவர்களுக்கும் ஓரளவு குறையலாம். அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் செய்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. இரத்தச் சர்க்கரை ஒரே அளவில் இருந்தும், அந்த மரபணு உள்ளவர்களுக்கு இந்த எண் சுமார் 0.3 குறைவாகவே வந்தது. எதிர்த்திசையிலும் தப்பு நடக்கும்: இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை எண்ணைப் பொய்யாகக் கூட்டும். தோட்ட வேலை செய்யும் பெண்கள் பலருக்கு இது பொருந்தும்.

அண்ணனுக்கு அரிவாள் செல் பரிசோதனை ஆகவில்லை என்றால் முதலில் அது. பிறகு வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் ஆய்வகத்தில் சர்க்கரை பாருங்கள். ஃபிரக்டோசமின் என்ற பரிசோதனை சிவப்பணுவைச் சாராதது, சுமார் மூன்று வாரச் சராசரியைச் சொல்லும், கிடைத்தால் கேளுங்கள். செயலியில் எச்.பி.ஏ1சி கட்டத்தைக் காலியாக விட்டு, விரல் எண்களை மட்டும் பதியுங்கள். கட்டுப்படாத சர்க்கரை இதயக் குழாய்களைச் சத்தமில்லாமல் கெடுக்கும், அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

எஸ்டேட் லயனில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. மாத்திரை நினைவூட்டும் செயலி பாதி நாள் வேலை செய்வதில்லை.
— வாசகி, மஞ்சூர்

செல்போனோடு வரும் சாதாரண அலாரத்துக்கு சிக்னலே தேவையில்லை. மஸ்டருக்கு (காலை வேலைப் பதிவுக்கு) கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பு ஒன்று, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்று, தினமும் அடிக்கும்படி வைத்து, ‘பி.பி. மாத்திரை’ என்று பெயர் கொடுங்கள். மாத்திரையை விழுங்கிய பிறகுதான் அலாரத்தை நிறுத்துவது என்று பழகுங்கள். அட்டையின் பின்பக்கம் பேனாவால் கிழமை எழுதிவிட்டால், போட்டேனா இல்லையா என்ற குழப்பமும் இரண்டு தடவை போடும் ஆபத்தும் இருக்காது. நோட்டுப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு நீங்கள் போகும்போது அவை தாமாகப் போய்விடும்.

அப்பாவுக்கு நெஞ்சு அடைப்பது போல் இருந்தது. கடிகாரத்தில் ஈ.சி.ஜி. எடுத்தோம், ‘இயல்பு’ என்று வந்ததால் காலைவரை காத்திருந்தோம். செய்தது சரியா?
— வாசகி, தேவாலா

அப்பா நலமாக இருக்கிறார் என்று நீங்கள் எழுதியிருந்தது நிம்மதி. ஆனால் இனி ஒருபோதும் அப்படிக் காத்திருக்காதீர்கள். கடிகாரம் எடுப்பது ஒரே ஒரு கோணத்து ஈ.சி.ஜி. துடிப்பு ஒழுங்கில்லாமல் தாறுமாறாக ஓடுகிறதா என்று மட்டும் அது ஓரளவு சொல்லும். மாரடைப்பைக் கண்டுபிடிக்க 12 கோணங்களில் எடுக்க வேண்டும், சில நேரம் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். மாரடைப்பின் நடுவிலும் கடிகாரம் ‘இயல்பு’ என்றே காட்டலாம்.

நெஞ்சில் பாரம், இறுக்கம், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல் இவற்றில் எதுவும் சில நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவோ குமட்டலாகவோ, ‘வாயுக் கோளாறு’ போலவோ வரலாம். வண்டி வரும்வரை அவரை நடக்க விடாமல், சாய்த்து உட்கார வையுங்கள். 108-இல் பேசுபவரிடம் ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று கேளுங்கள், ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். எனவே மலைப்பாதை தொடங்கும் முன் வழியில் இருக்கும் நிலையம் எது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும் 112-ஐ அழுத்துங்கள், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அதன் வழியாகப் போகும். அப்பாவின் மாத்திரை அட்டைகள், கடைசி ஈ.சி.ஜி., நோட்டின் கடைசிப் பக்கம் மூன்றையும் படம் எடுத்து வீட்டில் எல்லோர் செல்போனிலும் வையுங்கள். டிவிஷன் பெயர், லயன் எண், மெயின் ரோட்டில் திரும்ப வேண்டிய இடத்தில் இருக்கும் கடையோ கோயிலோ, இவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள், பதற்றத்தில் யார் போன் செய்தாலும் அதைப் படித்தால் போதும். இரவென்றால் ஒருவர் டார்ச்சோடு அந்தத் திருப்பத்தில் போய் நிற்கட்டும். பனிமூட்டத்தில் ஆம்புலன்ஸ் லயனுக்குப் பிரியும் மண்பாதையைத் தவறவிட்டால், வண்டியைத் திருப்ப அடுத்த கொண்டைஊசி வளைவுவரை போக வேண்டியிருக்கும்.